சவுண்டை ஏத்தும் ரெசிஸ்டர், இறக்கச் சொல்லும் நீதிமன்றம்: ‘டெசிபல் பூட்டு’ வேலை செய்யுமா?

“அண்ணே, சவுண்ட் பத்தல... இன்னும் கொஞ்சம் ஏத்துங்க!”

கல்யாண மண்டபமோ, கோயில் கொடையோ, கட்சிக் கூட்டமோ, மைக் செட் போடுபவர் காதில் அதிகம் விழும் வசனம் இதுதான். அவரும் ஏற்றுவார். நாப் கடைசி வரை போன பிறகும் ‘பத்தல’ என்றால், அடுத்த ஆர்டருக்குள் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி உள்ளேயே கை வைப்பார். ஒரு ரெசிஸ்டரை மாற்றுவார், ஒரு ப்ரீ-ஆம்ப் போர்டைச் சேர்ப்பார், துணிச்சல்காரர் என்றால் டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றிவிடுவார்.

இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிர்த் திசையில் ஒரு யோசனையை 2025 ஜனவரி 23 அன்று மும்பை உயர் நீதிமன்றம் முன்வைத்தது. குர்லா நேரு நகர் பகுதிக் குடியிருப்போர் சங்கங்கள், அங்குள்ள மசூதிகளின் ஒலிபெருக்கிச் சத்தம் குறித்துத் தொடர்ந்த வழக்கு அது. ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாத அங்கம் அல்ல என்று சொன்ன நீதிமன்றம், அதோடு நிற்கவில்லை. எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமானாலும் சரி, அங்குள்ள ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர் போன்ற கருவிகளிலேயே குறிப்பிட்ட டெசிபலுக்கு மேல் போக முடியாதபடி உள்ளமைந்த கட்டுப்பாட்டைக் கொண்டுவருவது பற்றிப் பரிசீலிக்குமாறு மகாராஷ்டிர அரசிடம் கூறியது.

அதாவது பெட்டிக்குள்ளேயே ஒரு பூட்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி: பூட்டை எந்த இடத்தில் போடப் போகிறீர்கள்?

முதலில், ஏன் ஏத்துறாங்க?

ஆம்ப்ளிஃபயரில் கை வைக்கும் எல்லோரும் ஊரை இம்சிக்க நினைப்பவர்கள் அல்ல. பெரும்பாலும் ஆரம்பம் ஒரு சாதாரணப் பொருத்தமின்மைதான்.

ஆடியோ உலகில் ‘லைன் லெவல்’ என்று ஒன்று உண்டு. ஒரு கருவி அடுத்த கருவிக்கு அனுப்பும் சிக்னலின் வழக்கமான அளவு அது. வீட்டு உபயோகக் கருவிகளுக்கான அளவு சுமார் 0.3 வோல்ட். மேடை, ஸ்டுடியோக்களில் பயன்படும் தொழில்முறைக் கருவிகளுக்கு சுமார் 1.23 வோல்ட். கிட்டத்தட்ட 4 மடங்கு வித்தியாசம், டெசிபல் கணக்கில் சுமார் 12. பெரிய ஆம்ப்ளிஃபயரில் செல்போனையோ பழைய டேப் டெக்கையோ நேராகச் செருகினால் ‘சவுண்ட் கம்மியா இருக்கே’ என்று தோன்றுவது இதனால்தான். எந்தக் கருவியிலும் பழுதில்லை. இரண்டும் வேறு வேறு அளவில் பேசுகின்றன, அவ்வளவுதான் மேட்டர்.

இதைச் சரிசெய்வது சுலபம். ப்ரீ-ஆம்பில் இருக்கும் ஆப்-ஆம்ப் ஐசி எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை இரண்டே ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கின்றன. இரண்டும் 10 கிலோ ஓம் என்றால், வழக்கமான ஓர் இணைப்பு முறையில் பெருக்கம் 2 மடங்கு. ஒன்றை எடுத்துவிட்டு 30 கிலோ ஓம் வைத்தால் 4 மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடுதல். ரெசிஸ்டரின் விலை சில்லறைக் காசு. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு 10 நிமிட வேலை.

இந்த அளவில் நின்றால் யாருக்கும் சேதமில்லை. குறைவாக வந்த சிக்னல் வர வேண்டிய அளவுக்கு வந்திருக்கிறது. சிக்கல், நின்றுவிடாமல் போகும்போதுதான்.

பெருக்கம் வேறு, பவர் வேறு

நாபைக் கூட்டினாலும் ரெசிஸ்டரை மாற்றினாலும் ஆம்ப்ளிஃபயரின் அதிகபட்ச சக்தி ஒரு வாட் கூடக் கூடாது. இது பலருக்கும் நம்பச் சிரமமான விஷயம்.

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருகை எளிதாகத் திரும்பும்படி மாற்றலாம். முன்பு முழுச் சுற்று திருப்பினால் வந்த தண்ணீர், இப்போது அரைச் சுற்றிலேயே வரும். ஆனால் மேலே தொட்டியில் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் அதேதானே? ஆம்ப்ளிஃபயரில் அந்தத் தொட்டி, பவர் சப்ளை. பிளஸ் 35 வோல்ட், மைனஸ் 35 வோல்ட் சப்ளையில் ஓடும் ஒரு ஆம்ப், சுமார் 32 வோல்ட் உச்சம் வரைதான் ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறத்தாழ 64 வாட்ஸ். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். மைக் செட் பாஷையில் ‘சவுண்ட் கிழியுது’. பொறியியல் பாஷையில் கிளிப்பிங்.

கிழிந்த சவுண்ட் காதுக்கு மட்டும் பிரச்னை அல்ல. வளைவான அலை வெட்டுப்பட்டு முழுக்கச் சதுரமாகிவிட்டால், அதே உச்ச வோல்ட்டேஜில் சராசரி சக்தி இரு மடங்காகிறது. கூடவே மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்கள் பிறக்கின்றன. ட்வீட்டர் பொசுங்குவது பெரும்பாலும் இங்கேதான். ‘ஸ்பீக்கர் டூப்ளிகேட்டுங்க’ என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் கெயினை எங்கே வைத்திருந்தோம் என்று பார்ப்பது நல்லது.

சரி, தொட்டியையே உயர்த்தினால்? டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி 35 வோல்ட்டை 50 ஆக்கலாம். செய்கிறார்கள். கணக்குப் போட்டால் 64 வாட்ஸ் சுமார் 138 வாட்ஸ் ஆகிறது. இரட்டிப்புக்கும் மேலே! ஆனால் காதுக்கு? 3 டெசிபல் சொச்சம்தான். பக்கத்தில் நின்று கேட்பவர் ‘லேசா கூடியிருக்கோ’ என்பார். அதற்கு விலையாக, ‘50 வோல்ட்’ என்று அச்சிட்ட ஃபில்டர் கபாசிட்டர்கள் அவற்றின் எல்லையிலேயே உட்கார்ந்திருக்கும். 230 வோல்ட் வர வேண்டிய லைனில் 250 வந்தால் உள்ளே 54 வோல்ட் ஏறும். கபாசிட்டர் வெடிப்பதும், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆவதும், அந்தச் சூட்டில் துணிப் பந்தலுக்குப் பக்கத்தில் பெட்டி புகைவதும் இப்படித்தான். 3 டெசிபலுக்கு இது கட்டுபடியாகுமா என்பதை செய்பவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த வழியின் கஞ்சத்தனம் தெரிந்ததால்தான் பழைய மைக் செட்காரர்கள் வேறு வழி கண்டார்கள்: கூம்பு ஸ்பீக்கர். ஊர்ப் பக்கம் ‘குழாய்’. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் சுமார் 90 டெசிபல் வரும். நல்ல கூம்பில் அதே 1 வாட்டுக்கு 105 டெசிபலைத் தொடும். ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரெசிஸ்டரைக் கூடத் தொடாமல் 15 டெசிபல் லாபம். ஆம்ப்ளிஃபயர்கள் சின்னதாக இருந்த காலத்தில் ஊருக்கே கேட்கவைத்தது இந்தத் தகரக் கூம்புதான். தமிழ்நாட்டில் கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை என்று போலீசார் திருவிழாவுக்குத் திருவிழா நினைவூட்டுவதும், பறிமுதல் செய்வதும் இதே காரணத்துக்குத்தான்.

டெசிபல் கணக்கு: 10 கூடினால் 10 தெரு

டெசிபல் ஒரு மடக்கைக் கணக்கு. 10 கூடினால் சக்தி 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. காதுக்கு மட்டும் 10 டெசிபல் கூடினால் ‘இரண்டு மடங்கு சத்தம்’ போலத் தோன்றும். இந்த இடைவெளிதான் மேடைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சண்டையின் மூலம்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 10 மீட்டரில் 80. சுமார் 56 மீட்டரில் 65. இப்போது மேடையில் இருப்பவர் 10 டெசிபல் ஏற்றுகிறார். முன்வரிசைக்காரருக்கு ‘ரெண்டு மடங்கு’. ஆனால் அந்த 65 டெசிபல் கோடு 56 மீட்டரிலிருந்து சுமார் 178 மீட்டருக்கு நகர்ந்துவிடுகிறது. தூரம் 3 மடங்குக்கு மேல் என்றால் பரப்பளவு 10 மடங்கு. சுவர், மரம், காற்று என்று நிஜத்தில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனாலும் முன்பு 20 வீட்டின் தூக்கத்தைக் கெடுத்த நிகழ்ச்சி, இப்போது 200 வீட்டின் தூக்கத்தைக் கெடுக்கும் என்ற விகிதம் பெரிதாக மாறாது. மேடைக்காரருக்குக் கிடைத்ததோ ஒரு மடங்கு கூடுதல் குஷி.

65 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்துக்கு 50, 40. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அளக்கும்போது பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் அதிகம் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதி பகல் என்றால் 55 கூட்டல் 10, ஆக 65. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது. பண்டிகை, கலாச்சார நிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம்.

விதி சத்தத்தை எங்கே அளக்கச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘எல்லையில்’. ஆம்ப்ளிஃபயரின் உள்ளே அல்ல, ஸ்பீக்கரின் வாயிலும் அல்ல.

பூட்டில் எத்தனை ஓட்டை?

இங்கதான் மும்பை நீதிமன்றத்தின் யோசனை சிக்கிக்கொள்கிறது. பெட்டிக்குள் இருக்கும் லிமிட்டர் என்ற கருவிக்கு டெசிபல் தெரியாது. அதற்குத் தெரிந்தது வோல்ட்டேஜ் மட்டும். ‘இத்தனை வோல்ட்டுக்கு மேல் போகாதே’ என்றுதான் அதனிடம் சொல்ல முடியும். அந்த வோல்ட் எத்தனை டெசிபலாக மாறும் என்பதை, லிமிட்டருக்குப் பிறகு வரும் எல்லாமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

மிக்ஸருக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் லிமிட்டரை வைத்தால், அதற்கு அடுத்து இருக்கும் பவர் ஆம்பின் கெயினை ஏற்றினால் போதும். லிமிட்டர் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டே இருக்கும், சத்தமும் ஏறிக்கொண்டே இருக்கும். பவர் ஆம்புக்கு உள்ளேயே கடைசிக் கட்டத்தில் வைத்தால் இந்த ஓட்டை அடைபடும். ஆனால் ஸ்பீக்கரை மாற்ற யாரால் தடுக்க முடியும்? 90 டெசிபல் பெட்டிக்குப் பதில் 105 டெசிபல் கூம்பை மாட்டினால், பூட்டு போட்டபடியே 15 டெசிபல் தப்பிவிடுகிறது. அதுவும் வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது ரெசிஸ்டர். உள்ளே பூட்டாக இருக்கும் சர்க்யூட்டும் இரண்டு ரெசிஸ்டர், ஒரு ப்ரீசெட் சமாச்சாரம்தான். திறந்து மாற்றத் தெரிந்தவரிடமிருந்து அதைக் காப்பாற்றுவது ஒரு சீல் மட்டுமே.

மைக் வைத்து அறையின் சத்தத்தை அளந்து, வரம்பு தாண்டினால் மேடையின் கரண்ட்டையே துண்டிக்கும் வகை ஒன்றும் உண்டு. பிரிட்டனில் பல கல்யாண மண்டபங்களில் இது இருக்கிறது. டிரம்ஸ்காரர் உற்சாகமாக ஒரு அடி அடித்தால் மேடையே அணைந்துவிடும் என்பதால் இசைக் குழுக்களுக்கு இதன்மேல் தீராத கோபம். இதன் வீக்னெஸ்ஸும் தெரிந்ததே. மைக் மேல் துணியைப் போர்த்தலாம், அல்லது வேறு சர்க்யூட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுக்கலாம். ஜெனரேட்டர் வைத்து நிகழ்ச்சி நடத்தும் நம் ஊரில் இரண்டாவது வழி இன்னும் சுலபம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. இங்கே ஓடும் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் கம்பெனியில் சீல் வைத்து வருபவை அல்ல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி சந்தைகளில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்தவை ஏராளம். புதிதாக வரும் பிராண்டட் பெட்டிக்கு உத்தரவு போடலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இவற்றுக்கு யார் பூட்டு போடுவது?

உங்கள் பாக்கெட்டிலும் இந்தப் பூட்டு உண்டு

பெட்டிக்குள் பூட்டு என்ற யோசனை புதிதல்ல. பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம் ஐரோப்பா, சோதித்த கருவி காதில் மாட்டும் ஹெட்போன்.

பாக்கெட் மியூசிக் பிளேயர்கள் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஃபிரான்ஸ் 1990-களிலேயே சட்டம் போட்டது. 2002-ல் ஆப்பிளின் ஐபாட் இதில் மாட்டி, சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் சத்தத்தைக் குறைத்துத்தான் அங்கே விற்பனையைத் தொடர முடிந்தது. பிறகு ஐரோப்பா முழுமைக்கும் ஒரு தரநிலை வந்தது. முதலில் 85 டெசிபல், அதற்கு மேல் வேண்டும் என்றால் எச்சரிக்கையைப் பார்த்து ‘ஓகே’ கொடுக்க வேண்டும், உச்சம் 100.

இதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். பிளேயரை மட்டும் பூட்டினால் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாக விற்கும் பிளேயருக்கு அதிகபட்சம் 150 மில்லிவோல்ட் என்றார்கள். கூடவே, தனியாக விற்கும் ஹெட்போன் 94 டெசிபல் சத்தம் தருவதற்கு 75 மில்லிவோல்ட்டாவது கேட்க வேண்டும், அதைவிடக் குறைவில் கத்தக் கூடாது என்றார்கள். 75-க்கு இரட்டிப்பு 150. இரட்டிப்பு என்றால் 6 டெசிபல். 94 கூட்டல் 6, சரியாக 100. ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் கட்டினால்தான் டெசிபல் கட்டுக்குள் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அப்படியும் தப்பினார்களா? தாராளமாக. ஐரோப்பிய ஐபாடின் பூட்டை உடைக்க இலவச சாஃப்ட்வேர்கள் வந்தன. ஆண்ட்ராய்டில் போனை ரூட் செய்து ஆடியோ அளவுகள் எழுதியிருக்கும் ஃபைலைத் திருத்துவது இன்றைக்கும் பிரபலமான வேலை. சால்டரிங் அயர்ன் இல்லாத ரெசிஸ்டர் மாற்றம் என்று சொல்லலாம். ஆனாலும் பூட்டை உடைக்க மெனக்கெடுபவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிடுகிறார்கள், அவர்களுடைய காது தப்பித்தது. தவிர, ஹெட்போனில் பூட்டை உடைப்பவர் கெடுத்துக்கொள்வது தன் காதை. கூம்பில் உடைப்பவர் கெடுப்பது ஊர்க்காதை. அதனால் ஹெட்போனுக்கு ‘ஓரளவு’ போதும் என்று விட்ட பூட்டை ஒலிபெருக்கிக்கும் போதும் என்று விட முடியாது.

எவ்வளவு நேரம் கேட்டால் ஆபத்து என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாக வேண்டும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி என்று போய் 101 டெசிபலுக்கு வந்தால் ஒரு வாரத்துக்கான மொத்த ஒதுக்கீடே 19 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டிஜே பெட்டிக்கு முன்னால் ஆடும் பையனுக்கு நாலு பாட்டு. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றால் காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். அப்போது அவனுக்கு உண்மையாகவே ‘பத்தல’ என்றுதான் தோன்றும். மிக்ஸர் பக்கத்தில் அதே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கும் அப்படியே.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

சத்தம் வெறும் தொந்தரவுதானே என்று நினைப்பவர்களுக்கு 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னணி தெரிய வேண்டும். 1998 ஜனவரியில் நாளிதழ்களில் வந்த ஒரு செய்திதான் அந்த வழக்கின் தொடக்கம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி எழுப்பிய கூக்குரல், பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கிப் பாட்டில் யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்தாள். பேச்சுரிமை இருக்கிறது என்பதற்காக இன்னொருவரைக் கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வரம்பு மீறும் ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர்களைப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்றும் கூறியது.

தண்டனைப் பக்கத்தில் சமீபத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. ஒலி மாசு விதிகள் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அதன் 15-ம் பிரிவின்படி முன்பு 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரல் முதல் சிறை போய்விட்டது. 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை பண தண்டம் மட்டும். கடுமை குறைந்துவிட்டதே என்று பார்த்தால், அபராதம் நிஜமாகவே வசூலாகும் பட்சத்தில் இதுவே அதிகக் கடுமை. 5 ஆண்டு சிறை என்ற பயமுறுத்தல் காகிதத்தில் இருந்து என்ன பயன்? பாட்டு போட்டதற்காக 5 ஆண்டு உள்ளே போனவரை யாருக்காவது தெரியுமா?

ஆனால் அந்தப் பணத்தை யார் கட்டுவது? நடைமுறையில் பறிமுதல் ஆவது மைக் செட்காரரின் பெட்டி. ‘ஏத்து’ என்று சொன்னவர் விழாக் கமிட்டித் தலைவராகவோ, கல்யாண வீட்டுக்காரராகவோ, வட்டச் செயலாளராகவோ இருப்பார். ஏற்றாவிட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும், ஏற்றினால் பெட்டி போய்விடும். மும்பை உத்தரவில் முதல் முறை எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதையும் மீறினால் கருவிகள் பறிமுதல், அனுமதி ரத்து என்று படிப்படியான நடவடிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. புகார் கொடுப்பவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதில் உண்டு. இரண்டும் நல்ல அம்சங்கள். தமிழ்நாட்டில் ஒரு தெருவில் குடியிருந்துகொண்டு அந்தத் தெருக் கோயிலின் மீது புகார் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது அம்சத்தின் அருமை புரியும்.

ஆப் வைத்து அளக்கலாமா?

அதே உத்தரவு, போலீசார் டெசிபல் அளக்கும் மொபைல் ஆப்களைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஸ்பாட்டுக்கு வந்ததும் ஒரு மதிப்பீடு கிடைக்கும் என்ற வரைக்கும் சரி. ஆனால் செல்போன் மைக், பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. அதிகச் சத்தம் வந்தால் தானாகவே குறைத்துக்கொள்ளும் குணம் பல போன்களில் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு மாடல் போனை வைத்தால் இரண்டு எண் காட்டுவது சகஜம். வழக்கு என்று போனால் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்தப் போனை கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தீர்கள்?’ என்பதாகத்தான் இருக்கும்.

அளவீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு சென்னை வழக்கு ஒன்றே சாட்சி. கே.கே.ஆர். நகரில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி, இசைக்கருவிச் சத்தத்துக்கு எதிராக மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் தொடர்ந்த வழக்கு அது. சத்தத்துக்குத் தேவாலயம் மட்டும் காரணமில்லை, மாதவரம் நெடுஞ்சாலையின் வாகனங்களும் காரணம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையில் தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவரின் அமைதியைக் குலைத்து வழிபாடு நடத்த எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. தத்துவம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. எந்தச் சத்தம் யாருடையது, எத்தனை மணிக்கு எத்தனை டெசிபல் என்று பதிவாக வைத்துக்கொள்ளும் வேலைதான் 25 ஆண்டாகியும் மிச்சம் இருக்கிறது.

ஃபிரான்ஸ் இந்த இடத்தில் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2017-ல் அது கொண்டுவந்த ஆணை, இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிட சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. கூடவே, இசை அரங்குகள் சத்தத்தைத் தொடர்ந்து அளந்து, பதிவு செய்து வைக்க வேண்டும், மிக்ஸர் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அரங்குகளுக்காக வெளியிட்ட தரநிலையும் கிட்டத்தட்ட இதே வழிதான், வரம்பு மட்டும் 100. ஆம்ப்ளிஃபயருக்குள் எந்த ரெசிஸ்டர் இருக்கிறது என்று இந்த முறையில் யாரும் பார்க்கத் தேவையில்லை. எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், அளவு மீட்டரில் வந்துவிடும்.

மகாராஷ்டிர அரசு உள்ளமைந்த கட்டுப்பாட்டைக் கொண்டுவருவதாக இருந்தால், நீதிமன்ற உத்தரவில் இருக்கும் ‘கேலிபரேஷன்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. அந்த இடத்தில், அந்த ஸ்பீக்கரோடு, எல்லைச் சுவரில் மீட்டரை வைத்து லிமிட்டரின் அளவை முடிவு செய்து சீல் வைக்க வேண்டும். நிரந்தரமாக ஒரே இடத்தில் ஒலிபெருக்கி இருக்கும் வழிபாட்டுத் தலங்களில் இது முடியும். இன்று மண்டபம், நாளை மைதானம் என்று அலையும் மைக் செட்டுக்கு முடியாது. அங்கே கையில் கேலிபரேட் செய்த மீட்டரும், அனுமதிக் கடிதத்தில் மைக் செட்காரரோடு ‘ஏத்து’ என்று சொல்லக்கூடியவரின் கையெழுத்தும் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

உங்கள் தெருவில் இன்றைக்கே பிரச்னை என்றால்: வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் சத்தம் போனாலோ, இரவு நேரத் தடை மீறப்பட்டாலோ விதிகளின்படி புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர், போலீஸ் கமிஷனர் அல்லது டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத, அரசு நியமித்த அதிகாரி ஒருவர் நடவடிக்கை எடுக்கலாம். புகாரில் நேரம், இடம், உங்கள் வீட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள தூரம் மூன்றையும் குறிப்பிடுங்கள். ஆப் காட்டிய எண்ணையும் சேர்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கி என்றால் டெசிபல் எண்ணே தேவையில்லை, கடிகாரம் போதும்.